கழுத்துப்பட்டை, கூடுதல் பச்சை வினாடி, பேருந்துச் சாய்தளம்: சிங்கப்பூர்ப் பயணத்தில் முன்பின் தெரியாதவருக்கு உதவும் வசதிகள் எப்படி இருக்கின்றன?

ரயிலில் இடம் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருப்பவர்களில் கல்நெஞ்சக்காரர்கள் குறைவு. பெரும்பாலோருக்குக் குழப்பம்தான். எதிரே நிற்கும் பெண் கர்ப்பிணியா இல்லையா? தவறாகக் கேட்டுவிட்டால் அதைவிடச் சங்கடம் வேறில்லை. நரைத்த தலைக்காரருக்கு எழுந்து இடம் கொடுத்தால், "என்னைப் பார்த்தால் அவ்வளவு வயதானவனாகவா தெரிகிறது" என்று முகம் சுருங்குமோ? இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடிப்பதற்குள் தோபி காட் வந்துவிடுகிறது. மறுபக்கம், இடம் தேவைப்படுபவருக்கும் வாய் திறந்து கேட்கக் கூச்சம். கீமோதெரபி முடிந்து வீடு திரும்பும் முப்பது வயதுக்காரரைப் பார்த்து நோயாளி என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

1979ல் மரியாதை இயக்கம் தொடங்கியதிலிருந்து சிங்கப்பூர் இதைச் சுவரொட்டிகளால் சரிசெய்யப் பார்த்தது. 1982ல் அதன் சின்னமாகச் சிங்கா எனும் சிங்கம் வந்தது. 1997ல் கனிவன்பு இயக்கம் வந்தது. 2013ல் சிங்கா "பதவி விலகியது". அதன்பின் ரயில்களில் ஸ்டாண்ட்-அப் ஸ்டேசி, மூவ்-இன் மார்ட்டின், கிவ்-வே கிளெண்டா என்று கேலிச்சித்திர முகங்கள் வந்தன. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும். ஆனால் எதிரே நிற்பவருக்கு இடம் வேண்டுமா வேண்டாமா என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை.

இங்கே எடைபோடப்போவது வேறு வகை வசதிகளை. ஊகிக்கும் வேலையை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்பவை இவை. அளவுகோல் இரண்டே கேள்விகள்: உதவ நினைப்பவர் தயங்காமல் செயல்பட முடிகிறதா? உதவி பெறுபவர் தன் உடல்நிலைக் கதையைச் சொல்லாமல் பெற முடிகிறதா?

ஒட்டுவில்லையும் கழுத்துப்பட்டையும்

உட்கார இடம் கிடைக்குமா என்று பணிவாகக் கேட்கும் ஆங்கில வாசகத்துடன் ஓர் ஒட்டுவில்லை இருக்கிறது. எம்ஆர்டி எனும் பெருவிரைவு ரயில் நிலையங்களிலும் பேருந்துச் சந்திப்பு நிலையங்களிலும் உள்ள பயணியர் சேவை நிலையத்தில் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். கால் சுளுக்கியவர், அறுவை சிகிச்சைத் தையல் இன்னும் ஆறாதவர், முதல் மூன்று மாதக் கர்ப்பிணி போன்றோருக்கு இது ஏற்றது. வயிறு வெளியே தெரியாத அந்த மூன்று மாதத்தில்தான் குமட்டலும் தலைச்சுற்றலும் மோசமாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத நோயோ உடற்குறையோ நீண்டகாலமாக உள்ளவர்களுக்கு அதே வாசகத்துடன் கழுத்துப்பட்டை உண்டு. சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போய்வருபவர், முடக்குவாதக்காரர், இதயம் பலவீனமானவர் எல்லாம் இதற்குள் வருவார்கள்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், கழுத்துப்பட்டை. காரணம் எளிது: உட்கார்ந்திருப்பவரின் பார்வை எங்கே இருக்கிறது? கைப்பேசியில். கைப்பேசி மடிக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து கண்ணை லேசாக உயர்த்தினால் எதிரே நிற்பவரின் வயிற்றுப் பகுதிதான் முதலில் படும். கழுத்துப்பட்டையில் தொங்கும் அட்டை சரியாக அந்த உயரத்தில் நிற்கிறது. ஒட்டுவில்லையைப் பெரும்பாலோர் பெயர் வில்லையைப் போலத் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்தாலொழிய அது தெரியாது. அதைச் சட்டையின் கீழ்ப்பகுதியிலோ, குறுக்காக மாட்டிய பையின் முன்பக்கத்திலோ ஒட்டுங்கள். பையில் ஒட்டுவதில் இன்னொரு லாபம்: வியர்த்த பருத்திச் சட்டையில் ஓரம் கிளம்புவதுபோல் பையில் கிளம்பாது. கழுத்துப்பட்டை அணிபவர்கள் பையை முன்பக்கம் மாட்டும்போது அட்டை பைக்குப் பின்னால் போய்விடும். அட்டையைப் பைக்கு மேலே எடுத்துவிட மறக்கவேண்டாம்.

நிற்கும் இடமும் முக்கியம். கதவோரம் சாய்ந்து நிற்பவரின் அட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள். கதவோரம் நிற்பவர் சீக்கிரம் இறங்கப்போகிறார் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். வரிசை இருக்கைகளின் நடுப்பகுதிக்கு எதிரே, யாராவது ஒருவரை நேராகப் பார்த்தபடி நிற்பதே சரி. எல்லோரையும் பொதுவாகப் பார்த்து நின்றால், எழுவது இன்னொருவர் பொறுப்பு என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

குறை என்று சொன்னால் பெரிய குறை வில்லையில் இல்லை, முன்னுரிமை இருக்கையில் இருக்கிறது. வரிசைக் கடைசியில் கதவையொட்டி வேறு நிறத்தில் அந்த இருக்கைகளை ஒதுக்கியதால், மற்ற இருக்கைகளில் உட்கார்ந்தவர்களுக்குக் கடமை எதுவும் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. அதே சமயம், பார்க்கத் திடமாக இருக்கும் இளைஞர் அங்கே உட்கார்ந்தால் படம் எடுத்து இணையத்தில் போடும் ஒரு கூட்டமும் கிளம்பியது. அந்த இளைஞருக்கு முதுகெலும்பில் என்ன இருக்கிறதென்று படம் எடுத்தவருக்குத் தெரியாது. கழுத்துப்பட்டை இருவரையுமே காப்பாற்றுகிறது. ஆனால் அணியாதவருக்குத் தேவையே இல்லை என்று அதிலிருந்து முடிவுகட்டுவது அபத்தம்.

எழுந்து இடம் கொடுக்கும் முறை பற்றிக் கொஞ்சம். "உட்காருகிறீர்களா?" என்று கேட்டால் நம் பெரியவர்களும் சரி, சீன, மலாய்ப் பெரியவர்களும் சரி, பத்தில் எட்டு முறை "வேண்டாம், அடுத்த ஸ்டாப்தான்" என்பார்கள். உண்மையில் இன்னும் ஆறு நிறுத்தம் இருக்கும். கேட்பதைவிட எழுவது நல்லது. இருக்கையைக் கையால் காட்டி "ஆண்டி, இங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நாலடி நகர்ந்துவிடுங்கள். பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அவருக்கு அது கடனாகத் தெரியும். நீங்களும் நின்றுகொண்டிருக்கும்போது கழுத்துப்பட்டைக்காரரைப் பார்த்தால், உட்கார்ந்திருப்பவரிடம் "அவருக்கு இடம் வேண்டுமாம்" என்று மெதுவாகச் சொன்னால் போதும். என்ன நோய் என்று கேட்பது கூடாது. அக்கறையாகக் கேட்பதும் கூடாது. விளக்கம் சொல்ல வேண்டாம் என்பதற்காகத்தானே அவர் அதைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்.

கிரீன் மேன் பிளஸ்

இந்தப் பட்டியலில் குறைசொல்ல மிகக் கஷ்டப்பட வேண்டியது இதுதான். 2009ல் நிலப் போக்குவரத்து ஆணையம் அறிமுகப்படுத்தியது. சாலை கடக்கும் இடத்தில் வழக்கமான பொத்தானுக்கு மேலே ஒரு அட்டை வாசிப்பான் இருக்கும். மூத்தோர் தங்கள் சலுகை அட்டையையும், உடற்குறையுள்ளோர் அவர்களுக்கான அட்டையையும் அதில் காட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்துப் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக எரியும்.

அந்த வினாடிகள் எவ்வளவு மதிப்புள்ளவை என்பதை ஒரு கணக்குப் போட்டால் தெரியும். வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 மீட்டர் அகலச் சாலையை 10 வினாடியில் கடந்துவிடுவார். ஊன்றுகோலுடன் வினாடிக்கு 0.7 மீட்டர் நடப்பவருக்கு 17 வினாடி பிடிக்கும். வித்தியாசம் 7 வினாடி. அந்த 7 வினாடி இல்லாததால்தான் பல முதியவர்கள் சாலை கடப்பதையே தவிர்த்து, எதிர்ப்புறக் கடைத்தொகுதிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, யாரும் ஊகிக்க வேண்டியதில்லை, அட்டை பேசிவிடுகிறது. சிக்கல் வருவது பணப்பையில். இரண்டு மூன்று தொடா அட்டைகள் சேர்ந்திருக்கும் பணப்பையை அப்படியே வைத்தால் வாசிப்பான் குழம்பும். சலுகை அட்டையைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். வங்கி அட்டைக்கும் கைப்பேசிக்கும் அது அசையாது. சிவப்பு எரியும்போதே காட்டிவிடுவது முறை. நடுத்திட்டில் தனி விளக்குடன் இரண்டு கட்டமாகக் கடக்கும் அகலச் சாலையாக இருந்தால், அங்கேயும் வாசிப்பான் இருக்கிறதா என்று பார்த்து மறுபடி காட்ட வேண்டும்.

இன்னும் பல முதியவர்களுக்கு அந்தப் பெட்டி எதற்கென்றே தெரியாது. தேக்கா சந்தைக்குப் போகும் வழியில் இரு கையிலும் காய்கறிப் பை தொங்க நிற்கும் பாட்டியிடம், "பாட்டி, உங்க கார்டை இங்க காட்டினா விளக்கு கொஞ்ச நேரம் கூட எரியும்" என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், பிறகு அவரே பார்த்துக்கொள்வார்.

கூடவே கடப்பதாக இருந்தால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதியவர் விழுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. திரும்பும் வாகனங்கள் வரும் பக்கத்தில் நீங்கள் நின்று, அவருடைய நடைக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வலதுபுறம் திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநரின் கண் எதிரே வரும் கார்களில் உள்ள இடைவெளியைத் தேடும், பாதசாரியை அல்ல. உயரமான ஒருவர் அந்தப் பக்கம் நடந்தால் அவருக்குத் தெரியும். விளக்கில் பச்சை மனித உருவம் மின்னத் தொடங்கினால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று பதறவைக்க வேண்டாம். சாலையில் இறங்கிவிட்டவர் கடந்து முடிக்கும்வரை வாகனங்கள் நிற்கத்தான் வேண்டும்.

பேருந்தும் சக்கர நாற்காலியும்

2020 முடிவதற்குள் சிங்கப்பூரின் பொதுப் பேருந்துகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறக்கூடியவை ஆகிவிட்டன. 2017 ஏப்ரலிலிருந்து குழந்தைத் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். வன்பொருள் என்று பார்த்தால் குறைசொல்ல முடியாது: தாழ்தளம், நடுக்கதவில் மடித்து வைத்திருக்கும் சாய்தளம், உள்ளே முதுகுச் சாய்மானத்துடன் ஒதுக்கிய இடம். ஓட்டுநர் இறங்கி வந்து சாய்தளத்தைக் கையால் விரிப்பார், நாற்காலியை ஏற்றுவார், பயணி எங்கே இறங்குவார் என்று கேட்டுக்கொள்வார், மடித்துவிட்டுப் போவார். எல்லாம் ஓரிரு நிமிடம்தான்.

அந்த ஓரிரு நிமிடம் ஐந்து நிமிடமாவதற்குக் காரணம் சக பயணிகள். ஒதுக்கிய இடத்தில் சாய்ந்து நின்று காணொளி பார்ப்பவர் காதில் இயர்போன் இருப்பதால் நகரமாட்டார். ஓட்டுநர் சாய்தளத்தை விரிக்கும்போது நடுக்கதவு வழியே இறங்கப் பார்ப்பவர்கள் அதன்மேல் கால்வைப்பார்கள். தள்ளுவண்டிகள் அந்த இடத்தை அடைத்திருக்கும். சக்கர நாற்காலி வந்தால் தள்ளுவண்டியை மடக்கி இடம்விட வேண்டும், முன்னுரிமை நாற்காலிக்கே. தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியை மடக்கத் தடுமாறும் தாய்க்குத்தான் அப்போது உண்மையில் உதவி தேவை. "வண்டியை நான் மடக்கித் தரவா?" என்று ஒருவர் கேட்டாலே பாதி நேரம் மிச்சம்.

நாற்காலியைத் தொடும் முன் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அது அவருடைய உடம்பின் நீட்சி. பின்னாலிருந்து திடீரென்று தள்ளினால், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் அவர் விரல் மாட்டிக்கொள்ளும். தள்ளச் சொன்னால் முதலில் நிறுத்துப்பிடி விடுபட்டிருக்கிறதா, கால்கள் கால்மிதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். செங்குத்தான சரிவில் இறக்கும்போது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று பின்னோக்கி இறக்குங்கள். முன்னோக்கி இறக்கினால் அவர் முன்னால் சரிந்து விழலாம். தூக்க நேர்ந்தால் கைதாங்கியையோ கால்மிதியையோ பிடிக்கக்கூடாது. பல நாற்காலிகளில் அவை கழன்று வரும்படி செய்தவை. அசையாத சட்டத்தைப் பிடிக்க வேண்டும். மோட்டார் நாற்காலியைத் தூக்கும் நினைப்பே வேண்டாம். மின்கலத்தோடு அதன் எடை முதுகை முறித்துவிடும்.

பேசும்போது அவரிடம் பேசுங்கள். கூட வரும் பணிப்பெண்ணிடம் "இவர் எங்கே இறங்குவார்?" என்று கேட்பது நல்ல மனத்தோடு செய்யும் அவமரியாதை. நெரிசலில் அவர் குரல் முன்னால் எட்டாது என்பதால், இறங்கும் நிறுத்தத்துக்கு முன் "அண்ணே, வீல்சேர் இறங்கணும்" என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பது உபயோகமான வேலை. ஓட்டுநர்களில் மலேசியத் தமிழர்களும் இருப்பதால் சில சமயம் தமிழிலேயே காரியம் நடந்துவிடும்.

வெள்ளைக் கோல்

தோ பாயோ ரைசில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் கால்டிகாட் நிலையத்தைப் பயன்படுத்துவோருக்கு இது பழகிய காட்சி. நிலையத் தரையில் பதித்த புடைப்புக் கோடுகள் வழியையும், புடைப்புப் புள்ளிகள் நின்று கவனிக்க வேண்டிய இடத்தையும் காட்டுகின்றன. நல்ல வசதி, அதன்மேல் பயணப்பெட்டியை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இல்லாதவரை. ஊட்ரம் பார்க் போன்ற நிலையங்களில் 'ஹார்ட் ஸோன்' என்று தரையில் குறித்த இடங்களும் உண்டு. உதவி தேவைப்படுபவர் அங்கே வந்து நிற்கலாம், அதே வழியாகப் போகும் பயணி கூட அழைத்துச் செல்லலாம். யோசனை அருமை. ஆனால் ஊட்ரம் பார்க்கில் வழித்தடம் மாற ஓடுபவர் தரையைப் பார்ப்பதில்லை. அந்தக் குறி எதற்கென்று தெரிந்தவர்கள் பெருகினால்தான் அது வேலைசெய்யும். இப்போதைக்குப் பாதி மதிப்பெண்.

அழைத்துச் செல்லும் முறை இது. முதலில் குரல்: "வணக்கம், உதவி வேண்டுமா?" வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் கையில் மெதுவாகத் தொடச்செய்யுங்கள். முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். உங்கள் உடல் ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அவருக்கு அந்தப் பிடியிலேயே தெரிந்துவிடும். கோலைப் பிடித்து இழுப்பதோ, தோளைப் பிடித்துத் தள்ளுவதோ அவருடைய கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். படி வந்தால் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்லுங்கள். மின்படியா மின்தூக்கியா என்று அவரையே தேர்வுசெய்ய விடுங்கள். இருக்கை கிடைத்தால் அவர் கையை இருக்கையின் சாய்மானத்தில் வைத்தால் போதும். தோளை அழுத்தி உட்காரவைக்க வேண்டாம். "அங்கே", "இந்தப் பக்கம்" என்ற சொற்களால் பயனில்லை. "உங்கள் இடது கைப்பக்கம் மூன்றடி" என்றால் புரியும். விடைபெறும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவர் காற்றிடம் பேசிக்கொண்டிருப்பார்.

வழிகாட்டி நாயைக் கொஞ்சாதீர்கள். வேலையில் இருக்கிறது.

வழி மறந்தவர்

இருப்பதிலேயே கடினமானது இதுதான். முதுமை மறதி நோயாளிக்குக் கழுத்துப்பட்டை இருக்காது, கேட்கவும் தெரியாது. கவனித்தால் தெரியும் அடையாளங்கள் சில: வீட்டுச் செருப்பு அல்லது வெறுங்கால், பருவத்துக்குப் பொருந்தாத அல்லது தலைகீழாகப் போட்ட உடை, ஒரே தூணைச் சுற்றிச் சுற்றி வருவது, கதவு திறந்தும் இறங்காமல் கடைசி நிலையம்வரை போவது, கையில் கட்டணமோ அட்டையோ இல்லாமல் நுழைவாயிலில் திகைத்து நிற்பது.

இதற்கு இருக்கும் ஏற்பாடு 'கோ டு பாயிண்ட்' எனப்படும் இடங்கள். வழிதவறியவரை அங்கே கொண்டுபோய் விட்டால், பயிற்சி பெற்ற ஊழியர்கள் குடும்பத்தாரைத் தொடர்புகொள்ள முயல்வார்கள். ரயில் நிலையங்களும் சமூக மன்றங்கள் பலவும் இப்படிச் செயல்படுகின்றன. டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு 2021ல் காரா என்ற செயலியைக் கொண்டுவந்தது. அதில் பதிந்துகொண்டவருக்கு ஓர் அட்டை உண்டு. அதிலுள்ள குறியீட்டைக் கைப்பேசியால் வருடினால் பராமரிப்பாளரைத் தொடர்புகொள்ளலாம். ஏற்பாடாகப் பார்த்தால் மிக நன்று. பதிந்துகொண்டவருக்கு மட்டுமே, அதுவும் அட்டை கையில் இருந்தால் மட்டுமே உதவும் என்பதுதான் இடிக்கிறது. வீட்டில் இந்த நோயுள்ளவர் இருந்தால், அட்டையை அவர் எப்போதும் கையில் எடுக்கும் ஏதாவதொன்றோடு சேர்த்துவையுங்கள். தாத்தா பணப்பையை மறப்பார், துண்டை மறக்கமாட்டார் என்றால் துண்டோடு.

அணுகும் விதத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. பின்னாலிருந்து தோளைத் தொட்டால் பயந்து ஓடுவார். முன்பக்கமாக வந்து, அவர் கண்மட்டத்துக்கு வந்து, மெதுவாக ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். "உங்க வீடு எங்க? யார் கூட வந்தீங்க? போன் இருக்கா?" என்று அடுக்கினால் எதற்கும் பதில் வராது. "ஞாபகம் இருக்கா?" என்பதைத் தவிர்க்கவும், அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் தனக்கு ஞாபகம் இல்லை என்பதுதான். அம்மா காத்திருக்கிறார், வீட்டுக்குப் போகவேண்டும் என்று எண்பது வயதுக்காரர் சொன்னால், உங்கள் அம்மா இறந்து எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று திருத்தாதீர்கள். "அம்மா என்ன சமைச்சிருப்பாங்க?" என்று பேச்சைத் தொடர்ந்தபடி சேவை நிலையம்வரை நடந்துவிடலாம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. மறதி நோய் முற்றும்போது பலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முதலில் போகும். நாற்பது வருடம் துறைமுகத்திலோ அலுவலகத்திலோ ஆங்கிலமும் மலாயும் பேசியவர், இப்போது தமிழ் மட்டுமே பேசக்கூடும். நிலைய ஊழியர் ஆங்கிலத்தில் கேட்டு விழித்துக்கொண்டிருக்கும்போது, "ஐயா, சாப்டீங்களா?" என்ற ஒரு வாக்கியம் கதவைத் திறக்கும். பெயரும், பேட்டைப் பெயரும் கிடைத்துவிட்டால் மிச்சத்தை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் காரில் ஏற்றி நீங்களே வீடு தேடிப் போகாதீர்கள். அருகில் நிலையமோ மன்றமோ இல்லையென்றால் காவல்துறையின் 999.

யாராவது மயங்கி விழுந்தால்

சுருக்கமாக. ரயிலுக்குள் என்றால் கதவருகே உள்ள அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்திப் பேசுங்கள். பேச்சு மூச்சு இருந்தால் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, அடுத்த நிலையத்தில் இறக்குவது நல்லது; ஊழியர்களும் இதய மீட்புக் கருவியான ஏஇடியும் அங்கேதான் இருக்கின்றன. அரை மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறும். பேச்சு மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைப்பது, ஒருவரை விரல் நீட்டிக் குறிப்பிட்டு ஏஇடி எடுத்துவரச் சொல்வது, நெஞ்சின் நடுவில் 4 முதல் 6 செமீ ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். தொலைபேசியில் இருக்கும் 995 ஊழியர் எண்ணிச் சொல்லிக்கொடுப்பார், இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலி 2015லிருந்து இருக்கிறது. 400 மீட்டருக்குள் யாருக்காவது இதயம் நின்றதாகச் சந்தேகம் வந்தால் உங்கள் கைப்பேசியில் மணியடிக்கும், அருகிலுள்ள ஏஇடி எங்கே என்றும் காட்டும். நிறுவியவர்களில் பலர் இருப்பிட அனுமதியையும் அறிவிப்பையும் அணைத்துவைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் செயலி இருந்தும் இல்லாததுதான். இரண்டையும் திறந்துவையுங்கள்.

எந்த அட்டையும் இல்லாதவர்

மேலே சொன்ன வசதிகள் எதிலும் இடம்பெறாத ஒருவர் தினமும் அதே ரயிலில் வருகிறார். பணியிடத் தூசி படிந்த சட்டையுடன், காலியிடம் இருந்தும் உட்காராமல் நிற்கும் வெளிநாட்டு ஊழியர். பக்கத்தில் உட்கார்ந்தால் யாராவது எழுந்து போய்விடுவார்களோ என்ற தயக்கம் அவருக்கு. சிலர் எழுந்து போகவும் செய்கிறார்கள். இதற்கு ஆணையம் வில்லை அச்சடிக்க முடியாது. அவர் உட்கார்ந்தால் நாம் எழாமல் இருப்பது, காலியான இருக்கையைக் காட்டி "உட்காருங்க தம்பி" என்பது, இரண்டுக்கும் செலவில்லை.

வழி கேட்டு வருபவருக்கு உதவுவதில் மட்டும் கொஞ்சம் நுட்பம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் கைப்பேசியை நீட்டி ஒரு முகவரியைக் காட்டுவார்கள். தெருப் பெயரை நம்பிக் குழம்பாதீர்கள். ஒரே பெயரில் அவென்யூ, ஸ்திரீட், டிரைவ் எல்லாம் இருக்கும் ஊர் இது. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டைக் கேளுங்கள். சிங்கப்பூரில் அது கட்டடத்தையே காட்டிவிடும். ஒன்மேப் எனும் இணைய வரைபடத்தில் அந்த ஆறு எண்ணைத் தட்டினால் இடம் வந்துவிடும். விடுதிக்குத் திரும்புகிறவர் என்றால் துவாஸா, கிராஞ்சியா, பெஞ்சுருவா என்று முதலில் கேட்டால் திசை தெளிவாகும். பிறகு வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், பேருந்து எண்ணையும், இறங்க வேண்டிய நிறுத்தத்தின் ஐந்திலக்கக் குறியீட்டையும் அவர் கைப்பேசியிலேயே தட்டிக்கொடுங்கள். அந்தக் குறியீடு ஒவ்வொரு நிறுத்தத்தின் பலகையிலும் எழுதியிருக்கும், ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டாலும் எண் தெரியும். ஓட்டுநரிடம் காட்டினாலும் புரிந்துகொள்வார். திரும்பி வர எந்தப் பக்க நிறுத்தத்தில் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு வேறு குறியீடு.